மே மாதத்தில் உறைபனி

போன வருஷம் மே மாதம், கத்திரி வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், காட்பாடி வீட்டில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து மதிப்பெண் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மாணவி ஒருத்தியின் திட்ட அறிக்கைக்கு நான் 68 போட்டிருந்தேன். கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்தபோது அது 52 ஆகியிருந்தது. குறைத்ததற்கான காரணங்களை ஓரத்தில் எழுதியிருந்தார்கள். முதல் காரணம் இது: குளிர்காலத்தில் கான்கிரீட் உறைந்துவிடாமல் இருக்க என்ன ஏற்பாடு என்று மாணவி குறிப்பிடவில்லை. அவள் திட்டம் போட்டிருந்த கட்டடம் வேலூர் காந்தி ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் வரவேண்டிய நாலு மாடி லாட்ஜ்.

ஒரு வருஷமாக அந்த வரி என்னை விடவில்லை. வெறும் கோபமாக இருந்திருந்தால் நாலு நாளில் ஆறியிருக்கும். வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சில வருஷம் ஏப்ரலிலேயே நாற்பது டிகிரியைத் தொட்டுவிடும் ஊர் இது. மார்கழி விடியற்காலையில் பாலாற்றுப் பாலத்தின் மேல் பைக் ஓட்டினால் விரல் விறைக்கும், நம் குளிர் அவ்வளவுதான். கான்கிரீட்டில் இருக்கிற தண்ணீர் இங்கே உறைய வழியே இல்லை. அப்படியிருக்க, உறைபனிக்கு ஏற்பாடு சொல்லவில்லை என்று ஒரு பெண்ணின் மதிப்பெண்ணில் கை வைக்க முடிகிறது என்றால் நான் எதைக் கற்பித்துக்கொண்டிருக்கிறேன்?

ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் கட்டுமான மேலாண்மைப் பட்டத்தை எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நடத்துகிறார்கள். பாடம் அவர்களுடையது, வகுப்பறையும் வாத்தியாரும் நம்முடையது, பட்டம் அவர்களுடையது. நான் அளவீடும் ஒப்பந்தமும் எடுக்கிறேன். அதற்கு முன்னால் பதினொரு வருஷம் சைட்டில் இருந்தவன், அதில் நாலு வருஷம் ஷார்ஜாவில். விடைத்தாளை முதலில் நான் திருத்துவேன், பிறகு அங்கே ஒருவர் சரிபார்ப்பார். அவர் போடுவதுதான் கடைசி.

அந்தப் பெண்ணின் ஊர் குடியாத்தம். அப்பா மேஸ்திரி. அவள் எழுதியதை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் 68 போட்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்களை நம்பி, அந்தச் சந்துகளில் வீடுகள் எப்படி லாட்ஜ் ஆகின்றன என்று ஆரம்பித்திருந்தாள். பகலில் ஆட்டோவே திணறும் தெருவில் ஜல்லி லாரி ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் வரமுடியும், கொட்டி வைக்க இடமில்லாததால் ஒரு யூனிட், இரண்டு யூனிட்டாகத்தான் இறக்க முடியும், பக்கத்து லாட்ஜில் நோயாளிகள் தூங்குவதால் மிக்சரை ராத்திரியில் ஓட்டக்கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் நாள் கணக்குப் போட்டிருந்தாள். ஒவ்வொரு தளத்துக்கும் பதினாலு நாள் கியூரிங், அதாவது போட்ட கான்கிரீட்டை ஈரம் காயாமல் வைத்திருப்பது. அதற்கு இத்தனை டேங்கர் தண்ணீர், ஒரு டேங்கருக்கு இவ்வளவு என்று தனியாக ஒரு செலவுத் தலைப்பு. இருபது வருஷமாகப் பார்த்த மாணவர் அறிக்கைகளில் தண்ணீருக்கு விலை போட்ட அறிக்கை அது ஒன்றுதான்.

சரிபார்த்தவர் டேங்கர் கணக்கின் மேல் ‘தேவையற்ற விவரம்’ என்று எழுதியிருந்தார். பதினாலு நாளுக்கு ‘அதிகம்’. ஆடி மாதத்தில் வேலை தொடங்காமல் விட்ட இடைவெளிக்கு ‘காரணம் விளக்கப்படவில்லை’. இந்த மூன்றாவது நியாயம்தான். அவள் வெறுமனே ‘ஆடி’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டாள். நம் ஊரில் ஆடியில் யாரும் பூமி பூஜை போடமாட்டார்கள் என்று வெளியூர்க்காரருக்கு எழுதிச் சொல்லத்தான் வேண்டும். பதினாலு நாள் விஷயம் அப்படியில்லை. கான்கிரீட்டுக்கான நம் இந்தியத் தர விதி ஐஎஸ் 456, சாதாரண சிமெண்டுக்கு ஏழு நாள் என்கிறது, வறண்ட வெப்பமான இடத்தில் பத்து நாளுக்குக் குறையக்கூடாது என்கிறது, நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமெண்டாக இருந்தால் பதினாலு வரை நீட்டச் சொல்கிறது. இன்று நம் கடைகளில் அதிகம் விற்பது சாம்பல் கலந்த சிமெண்ட். அவள் விதிப்படிதான் எழுதியிருந்தாள்.

கப்பலில் வந்த படிப்பு

கட்டடப் படிப்பு நாடு விட்டு நாடு போவது புதிதில்லை, நாமே அப்படி வந்தவர்கள்தான். 1794-ல் சென்னையில் எட்டு மாணவர்களோடு ஆரம்பித்த சர்வே பள்ளிதான் வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. 1847-ல் வடக்கே ரூர்க்கி கல்லூரி வந்தது. அப்புறம் 1872-ல் வேறு வழியை முயன்றார்கள். இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் என்ற இடத்தில் ஒரு கல்லூரி வைத்து, இந்தியப் பொதுப்பணித் துறைக்கு வேண்டிய இன்ஜினியர்களை அங்கேயே படிக்கவைத்துக் கப்பலேற்றினார்கள். 1906-ல் அதை மூடிவிட்டார்கள்.

அப்படி வந்து இறங்கியவர்கள் இங்கே பார்த்த கூரைகளில் ஒன்றை நினைத்துக்கொள்கிறேன். ஆற்காட்டிலும் வாலாஜாவிலும் பழைய மச்சு வீட்டுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் இன்றும் தெரியும். மர உத்தரம், அதன் மேல் குறுக்குக் கட்டைகள், கட்டைக்கு மேலே மெல்லிய சிறு செங்கல்லை விளிம்பில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டியிருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் தெளித்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். கடைசியில் தட்டோடு. நம் கொத்தனார்களின் கையிலிருந்த இந்த வேலை ‘மெட்ராஸ் டெரஸ்’ என்ற பெயரில் பொதுப்பணித் துறைப் புத்தகங்களுக்குள் போயிற்று. கற்றுக்கொடுக்க வந்த இடத்தில் கற்றுக்கொண்டு எழுதி வைத்தவர்களும் இருந்திருக்கிறார்கள்.

இப்போது கப்பல் தேவையில்லை. எடின்பரோவின் ஹெரியட் வாட் பல்கலைக்கழகம் 2005-ல் துபாயிலும் 2014-ல் மலேசியாவின் புத்ராஜெயாவிலும் வளாகம் திறந்தது. துபாயில் கட்டுமான மேலாண்மையும் குவான்டிட்டி சர்வேயிங்கும், அதாவது கட்டட வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடும் படிப்பும், சொல்லித்தருகிறார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இங்கே வளாகம் திறக்க 2023-ல் யுஜிசி விதிகள் வந்தபிறகு, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் 2025-ல் குருகிராமுக்கே வந்துவிட்டது. எங்களைப் போன்ற கூட்டு ஏற்பாடுகள் இவற்றுக்கெல்லாம் சின்னத் தம்பிகள். நம் பிள்ளைகள் ஏன் சேர்கிறார்கள் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. வளைகுடாவில் பெரிய வேலைகள் ஃபிடிக் என்ற சர்வதேசப் பொறியாளர் கூட்டமைப்பு வகுத்த ஒப்பந்தத்தில் நடக்கின்றன, அளவீடு பெரும்பாலும் பிரிட்டிஷ் வழி, 1868-ல் லண்டனில் தொடங்கிய ஆர்ஐசிஎஸ் என்ற சர்வேயர்கள் சங்கத்தின் உறுப்பினர் என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டால் சம்பளம் வேறு. ஆம்பூரிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் கடன் வாங்கிப் படிக்கவைக்கிற பெற்றோருக்கு இது போதுமான காரணம். ஆனால் துபாயிலும் உறைபனி கிடையாது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணிவரை வெயிலில் ஆளை வேலைக்கு விடக்கூடாது என்பது அங்கே சட்டம். எங்கள் ஸ்லைடுகளில் அந்தச் சட்டத்துக்கு ஒரு வரி இல்லை. உறைபனிக்கு ஆறு ஸ்லைடு இருக்கிறது.

சவுக்குச் சாரம்

இதைப் படித்துவிட்டு, வெள்ளைக்காரன் படிப்பே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பாடத்தில் இரண்டு விஷயத்துக்காக நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஒன்று, எழுதி வைப்பது. ஃபிடிக் 1999 ஒப்பந்தத்தில், கூடுதல் நாளோ பணமோ கேட்க வேண்டுமானால் காரணம் தெரிந்த 28 நாளுக்குள் கான்ட்ராக்டர் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். தவறினால் உரிமை போயிற்று. ஷார்ஜாவில் வேலை பார்த்தபோதுதான் இதை நான் முதன்முதலில் கேள்விப்பட்டேன். நான் படித்த பி.இ.யில் ஒருவரும் சொல்லவில்லை.

இரண்டாவது, பாதுகாப்பு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு சைட். சவுக்குக் கம்பில் கட்டிய சாரம். காலை பத்தரை மணி இருக்கும், சாந்துச் சட்டியோடு ஏறிய சித்தாள் அம்மா மேல் பலகையில் கால் வைத்தார், கயிறு வழுக்கிப் பலகை சாய்ந்தது. சட்டி முதலில் விழுந்த சத்தம் கேட்டது. அவர் பிழைக்கவில்லை. அன்று சாயங்காலம் சைட் நோட்டைத் திறந்தேன். ‘சிமெண்ட் 40 மூட்டை வந்தது. முதல் மாடி பூச்சு நடந்தது’ என்று எழுதினேன். வேறொன்றும் எழுத வேண்டாம் என்று கான்ட்ராக்டர் சொன்னார், நானும் எழுதவில்லை. அந்தப் பக்கத்தை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. பிரிட்டனில் சிடிஎம் என்று ஒரு விதித் தொகுப்பு இருக்கிறது. 1994-ல் வந்தது, இப்போது நடைமுறையில் இருப்பது 2015-ம் ஆண்டுப் பதிப்பு. கட்டடத்தை வரைகிறவரே, இதைக் கட்டப்போகிற ஆள் எங்கே நின்று கட்டுவான், எப்படிக் கீழே இறங்குவான் என்று யோசித்திருக்க வேண்டும் என்கிறது அது. நம்மிடமும் 1996-ல் கட்டடத் தொழிலாளர்களுக்காகச் சட்டம் போட்டார்கள். அதைப் பரீட்சைக்காகவாவது படித்த சிவில் மாணவர்கள் மிகக் குறைவு. பாதுகாப்புப் பாடம் வருகிற வாரத்தில் நான் ஸ்லைடை மூடிவிட்டு ராணிப்பேட்டையைச் சொல்வேன். வகுப்பு அசையாமல் கேட்கும்.

ஆகவே எது கடல் தாண்டும், எது தாண்டாது என்பதில் எனக்கு ஓரளவு தெளிவு வந்திருக்கிறது. ஒப்பந்தம் தாண்டும், பாதுகாப்பு தாண்டும், கணக்கு எழுதும் ஒழுங்கு தாண்டும். மண், தண்ணீர், வெயில், கூலி, ஆள் பழக்கம் இவை தாண்டுவதில்லை. அளவீடு நடுவில் மாட்டிக்கொள்கிறது. ஒரு சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். நாலடிக்கு நாலடி ஜன்னல் ஒன்று, இரண்டு பக்கமும் பூச்சு. கட்டட வேலையை அளப்பதற்கான நம் தர விதி ஐஎஸ் 1200 படி, அரை சதுர மீட்டருக்கு மேல் மூன்று சதுர மீட்டர் வரை உள்ள திறப்புக்கு ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும், மறுபக்கத்தைக் கழிக்காமல் விடுவது ஜன்னல் ஓரப் பூச்சுக்கு ஈடு. பிரிட்டன் வழியில் ஜன்னலை முழுசாகக் கழித்துவிட்டு ஓரத்தைத் தனியாக நீளத்தில் அளக்க வேண்டும். குடியாத்தம் மேஸ்திரி ஜன்னலைக் கழிக்கவே மாட்டார். ‘ஓரம் புடிக்கிறதுலதான் சார் பாதி நாள் போவுது’ என்பார். சுவர் ஒன்றுதான், விடை மூன்று, மூன்றும் சரி. எங்கள் மதிப்பெண் திட்டத்தில் ஒன்றுதான் சரி. மூன்றையும் போட்டுக் காட்டி எங்கே எதைப் பயன்படுத்தணும் என்று சொல்கிற பையனுக்கு அதிக மதிப்பெண் கிடைக்க வேண்டாமா?

அந்த நாலு மணி அழைப்பு

52-ஐப் பார்த்துவிட்டு நான் எழுதிய கடிதத்துக்குப் பத்து நாளில் பதில் வந்தது. அந்தப் பாடத்தின் பொறுப்பாளர் நல்ல மனிதர். சைட்டில் வேலை பார்த்து வாத்தியாரானவர், என்னைப் போலவே. மாணவியோடு பேசலாமா என்று கேட்டிருந்தார். நான் அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். ‘சார், நான் சைட்ல இருந்தே பேசட்டுமா? அப்பா அங்கதான் இருப்பாரு, எனக்கும் சொல்ல ஈஸியா இருக்கும்’ என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை.

குடியாத்தத்தில் ஒரு வீட்டு மேல் தளம். கான்கிரீட் போட்டு நாலாவது நாள். நானும் போயிருந்தேன். நமக்குச் சாயங்காலம் நாலு மணி, அவர்களுக்குக் காலை பதினொன்றரை. தளம் முழுக்கச் சாந்தால் விரற்கடை உயரத்துக்கு வரப்பு போட்டு, நெல் வயல் மாதிரி பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். தூண் கம்பிகளுக்கு நடுவே நடந்து போய் அவள் போனை ஒவ்வொரு பாத்தியாகக் காட்டினாள். தண்ணீர் சுட்டது. வரப்பின் காய்ந்த மேல்பகுதியில் கை வைத்தால் எடுத்துவிடத்தான் தோன்றும். அவர் கேள்விகள் கேட்டார், பொறுமையாக, நல்லபடியாக. ஆனால் அவருக்கு அது இன்னும் ஒரு தகவலாகத்தான் இருந்தது என்று எனக்குப் பட்டது.

அப்போது மேஸ்திரி மகளைக் கூப்பிட்டார். ‘அந்த மூலையக் காட்டும்மா. அது நம்ம தப்பு, கீழ மறைக்காத.’ வடமேற்கு மூலையில் ஒரு பாத்தித் தண்ணீரைக் கையால் ஒதுக்கினார். அடியில் கான்கிரீட் முகத்தில் மயிரிழை வெடிப்புகள், காய்ந்த ஏரி மண் மாதிரி. தளம் போட்ட அன்று அந்த மூலைதான் கடைசி. மத்தியானம் ஒரு மணிக்கு முடிந்திருக்கிறது, கொண்டுவந்த ஈரச்சாக்கு அந்த இடத்துக்குப் போதவில்லை, ஆள் போய் இன்னும் நாலு சாக்கு கொண்டுவர இரண்டு மணி நேரம் ஆகியிருக்கிறது. மீதித் தளம் முழுக்க ஒரு கீறல் இல்லை. அவள் இதை ஆங்கிலத்தில் சொன்னாள். போனில் கொஞ்ச நேரம் சத்தமே வரவில்லை.

பிறகு அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறபடி இதுதான். ‘எங்கள் ஊரிலும் அன்று ராத்திரியே மூடத்தான் ஓடுவோம். ஜனவரியில் இப்படி ஒரு மூலையை மூடாமல் விட்டு நானும் மாட்டிக்கொண்டிருக்கிறேன். மேலே சுரண்டினால் மாவாக வந்தது.’ மேஸ்திரிக்கு மகள் அதைச் சொன்னதும் அவருக்கு ஒரே ஆச்சரியம். ‘அங்க எதுல மூடுவாங்க, சாக்கா?’ என்று கேட்டார். சாக்கும்தான், மேலே பிளாஸ்டிக் தாளோடு சேர்த்து, என்றார் அவர். அந்தக் கால ஸ்காட்லாந்தின் டண்டீ ஆலைகளில் நெய்த சாக்குத் துணிக்கு வங்காளத்துச் சணல்தான் போயிற்று என்பது எனக்குப் பிறகு ஞாபகம் வந்தது, அந்த நேரத்தில் சொல்ல வரவில்லை. இரண்டு பேரும் என்னை விட்டுவிட்டு, நடுவில் அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு, இருபது நிமிஷம் சாக்கைப் பற்றியே பேசினார்கள். எப்போது நனைப்பது, காற்றில் பறக்காமல் இருக்க ஓரத்தில் எதை வைப்பது, எத்தனை நாள் விடுவது.

சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகுவதற்குக் கொஞ்ச நாள் அமைதி வேண்டும். அங்கே குளிர் அதைக் கெடுக்கிறது, இங்கே வெயில். பாடம் அதுதான். அங்கே ஒருவர் எப்போதோ ‘உறைபனி ஏற்பாடு, ஐந்து மதிப்பெண்’ என்று விடைக்குறிப்பில் எழுதினார். பாடம் விமானம் ஏறியபோது குறிப்பும் கூடவே ஏறிவிட்டது. ஏன் எழுதினார் என்பது மட்டும் ஏறவில்லை. மேஸ்திரியின் மகள் அந்த ஏனுக்குத்தான் பதில் எழுதியிருந்தாள், பதினாலு நாளும் டேங்கர் கணக்குமாக.

மதிப்பெண் 58 ஆயிற்று. 68 ஆகவில்லை. அச்சான விடைக்குறிப்பை நடுவில் மாற்ற விதியில்லை என்று அவர் வருத்தத்தோடு எழுதினார். எனக்கு இன்றும் அது உறுத்துகிறது. 60 என்ற கோட்டுக்குக் கீழே நின்றதால் அவள் விண்ணப்பிக்க நினைத்த ஒரு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவே முடியவில்லை. ‘பரவால்ல சார், பாத்துக்கலாம்’ என்று அவள்தான் எனக்குச் சொன்னாள்.

இதற்கெல்லாம் பிறகு நான் கேட்டது ஒன்றே ஒன்று. ஸ்லைடு உங்களுடையதாக இருக்கட்டும், பட்டமும் உங்களுடையதாக இருக்கட்டும், கேள்வி எழுதுகிற இடத்தில் எங்களுக்கும் ஒரு நாற்காலி வேண்டும். இந்த ஊரில் வகுப்பெடுக்கிற வாத்தியார் விடைத்தாள் திருத்தினால் மட்டும் போதாது. எதைக் கேட்பது, எதற்கு மதிப்பெண் என்பதில் அவருக்கும் சொல் இருக்க வேண்டும். இதை நமக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஐஐடி மெட்ராஸ் 2023-ல் ஜான்சிபாரில் வளாகம் திறந்துவிட்டது. தரவு அறிவியலில் ஆரம்பித்திருக்கிறார்கள். நாளைக்கு நம் கல்லூரிகள் சிவிலையும் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோகும், போகவும் வேண்டும். ஜான்சிபாரின் பழைய நகரம் பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. அங்கே போகிற நம் ஆள் ஐஎஸ் 456-ஐ மட்டும் பெட்டியில் வைத்துக்கொண்டு போய், அந்த ஊர் கொத்தனார் மகனின் தாளில் சுழி போடக்கூடாது.

இந்த வருஷப் பரீட்சையில் நாலு கேள்வியில் ஒன்றை நான் எழுதலாம் என்று அனுமதி வந்திருக்கிறது. மூன்று வாரமாக அதையே எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன். காந்தி ரோட்டுச் சந்து, மே மாதம், மூன்றாவது தளம், சாம்பல் கலந்த சிமெண்ட், போர்வெல் வற்றிவிட்டது. (அ) கியூரிங் திட்டம் ஒன்று தயாரிக்கவும். (ஆ) அதன் செலவைக் கணக்கிடவும். போன ஞாயிற்றுக்கிழமை குடியாத்தம் போயிருந்தபோது மேஸ்திரியிடம் தமிழில் படித்துக் காட்டினேன். ரசமட்டத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டவர், கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்.

‘எல்லாம் நல்லாதான் கீது சார். தண்ணி லாரி அன்னிக்கு வர்லன்னா இன்னா பண்ணுவீங்கன்னு கேக்கலியே?’

(இ) என்று போட்டு எழுதிக்கொண்டேன். பத்து மதிப்பெண்.